"கொம்பு சீவி விடுறது" என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்குள் என்னதான் இருக்கிறது?

#1 கொடிக்கால்

எல்லோருக்கும் வணக்கம். சொந்தக் கதையில் தொடங்குகிறேன். ஆனால் கேட்க வந்தது ஒரு சொல்லைப் பற்றி.

எங்கள் பூர்வீகம் சோழவந்தான் பக்கம். பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூன்று பேருக்கும் பொதுவில் ஒரு கிணறு. ஆளுக்கு இரண்டு நாள் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொள்வது தாத்தா காலத்து ஏற்பாடு. சித்தப்பா இறந்த பிறகு அவருடைய முறை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, இப்போது வாரத்துக்கு அரை நாள்கூட இல்லை. அவர் மகன் என்னைவிட எட்டு வயது சின்னவன். மார்கழியில் ஒரு நாள் போனில் அழாத குறையாகச் சொன்னான். "உன் பங்கை நீ கேக்காம ஊரா வந்து கேக்கும்? மோட்டார் ரூம் உனக்கும் பாத்தியப்பட்டதுதானடா" என்றேன். அதற்கப்புறமும் இரண்டு மூன்று தடவை அதே மாதிரிதான் பேசினேன். நான் இருப்பது மதுரை அரசரடியில், வாடகை வீட்டில்.

ஒரு நாள் விடிகாலையில் அவன் போய்ப் பூட்டை உடைத்துவிட்டான். கைகலப்பாகிவிட்டது. பெரியப்பாவுக்கு முழங்கையில் நல்ல அடி.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கோயில் வாசலில் நாலு பேர் முன்னால் பெரியப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்: "டவுன்ல உக்காந்துக்கிட்டுக் கொம்பு சீவி விட்டது நீதானடா."

இரண்டு ராத்திரியாகத் தூக்கம் இல்லை. இந்தச் சொல்லை நானே எத்தனையோ பேரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். என் மேல் விழுந்த பிறகுதான் இதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கிறேன். நிஜமாகவே மாட்டுக்குக் கொம்பு சீவி விடுவார்களா? எதற்காக? நியாயமான பங்கைக் கேட்கச் சொல்வதும் கொம்பு சீவுவதில் சேருமா?

#2 பாலமேட்டான்

தம்பி, முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஜல்லிக்கட்டுக் காளை நிற்கிறது. இப்போது இருப்பது ஒரு புலிக்குளம் செவலை.

கொம்பு சீவுவது நிஜமான வேலைதான். மாட்டுப் பொங்கலுக்கு முன்னால் உழவு மாடு, கறவை மாடு எல்லாவற்றுக்குமே செய்வோம். மாட்டைக் குளிப்பாட்டி, மூக்கணாங்கயிற்றைக் கட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். இன்னொருவர் கண்ணாடிச் சில்லை எடுத்து அடியிலிருந்து நுனி பார்த்துச் சுரண்டுவார். கொம்பின் மேல் செதில் செதிலாகக் காய்ந்து நிற்பது சுருள் சுருளாக வரும். வெயிலில் பார்த்தால் பாக்குச் சீவல் மாதிரியே இருக்கும். கருகருவென்று பளபளப்பு வந்ததும் தேங்காய் எண்ணெய் தடவி விட்டுவிடலாம், இல்லாவிட்டால் பெயிண்ட் அடிக்கலாம். நுனி பிளந்திருந்தால் அரம் போட்டுத் தேய்ப்போம்.

இதில் சண்டைக்கான சமாசாரம் எதுவுமே இல்லை. மாட்டுக்கு அது தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற மாதிரி. இந்தச் சொல் எப்படிக் கெட்ட சொல்லாக மாறியது என்று எனக்கும் ரொம்ப நாளாக வருத்தம் உண்டு.

#3 மேலமாசி வீதி

பாலமேட்டு அண்ணன் சொன்னதும் எனக்குத் தோன்றியது இதுதான். "சீவி விடு" என்றால் முதலில் ஞாபகம் வருவது தலை சீவி விடுவது. என் பொண்ணுக்குத் தினமும் பள்ளிக்கூடம் கிளம்பும்போது செய்கிற வேலை. அதே இரண்டு சொல்லுக்கு முன்னால் "கொம்பு" வந்தவுடன் ஊரே பகையாகிவிடுகிறது.

#4 நான்மாடக்கூடல்

ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொல் மேல் எனக்குப் பெரிய பிரியம் உண்டு.

பாலமேட்டாரின் வருத்தம் புரிகிறது. ஆனால் சண்டைக்காகக் கொம்பு சீவுவது பிற்காலத்தில் யாரோ கட்டிவிட்ட கதை இல்லை. கலித்தொகையில் முல்லைக்கலியின் முதல் பாட்டு, 101ஆவது பாட்டு. சோழன் நல்லுருத்திரன் பாடியது. ஏறு தழுவும் நாளில் காளைகளைத் தொழுவுக்குள் விடுகிறார்கள். அங்கே வருகிற அடி:

"சீறரு முன்பினோன் கணிச்சிபோல் கோடுசீஇ
ஏறுதொழூஉப் புகுத்தனர்"

கோடு என்றால் கொம்பு. சீஇ என்றால் சீவி. சிவபெருமானின் மழுவைப் போலக் கொம்பைக் கூராகச் சீவி, காளைகளைத் தொழுவுக்குள் புகுத்தினார்கள். காளைகளை விட்டு ஏறு தழுவிய இடத்துக்கு அன்றைய பேர் தொழு. "கோடு சீஇ புகுத்தனர்" என்பதை இன்றைய பேச்சில் சொல்லிப் பாருங்கள். "கொம்பு சீவி விட்டாங்க." அச்சு அசலாக அதே தொடர்தான். அங்கே அது பழிச்சொல் இல்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிற செய்தி. உவமையாக மாறியதெல்லாம் பிறகு.

அடுத்து இந்த "விடு". தமிழில் இதைப் போல ஒரு சொல் வேறு இல்லை என்றே நினைக்கிறேன். ஊட்டி விடு, குளிப்பாட்டி விடு, தலை சீவி விடு என்று அடுத்தவருக்காகச் செய்கிற எல்லா வேலையிலும் கடைசியில் ஒரு "விடு" வந்து நிற்கும். தாயின் வேலை முழுக்க இந்த "விடு"வில்தான் நடக்கிறது. இன்னொரு பக்கம் தூண்டி விடு, ஏத்தி விடு, உசுப்பி விடு, மூட்டி விடு, கிளப்பி விடு, முடுக்கி விடு. சண்டை வளர்க்கிற சொல் முக்கால்வாசியிலும் அதே "விடு" இருக்கிறது. இரண்டு வகையிலும் செய்கிறவர் ஒருவர், அது போய்ச் சேருவது இன்னொருவரிடம்.

"கொம்பு சீவி விடு" என்பதில் இந்த இரண்டும் கலந்திருக்கின்றன. மாட்டுக்குச் சீவிக்கொடுப்பது ஒரு விடுதல். களத்துக்குள் அவிழ்த்து விடுவது இன்னொரு விடுதல். முதல் விடுதலைச் செய்யும்போது கை மாட்டின் மேல் இருக்கிறது. இரண்டாவதில் கை எடுத்தாயிற்று.

#5 செல்லூர் தறி

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. எங்கள் ஏரியாவில் கிடா முட்டு வைத்துப் பார்த்து வளர்ந்தவன் நான். இந்தச் சொல் கிடாயிலிருந்து வந்திருக்கக் கூடாதா?

#6 பாலமேட்டான்

கிடாய்க்குக் கொம்பு சுருண்டு பின்னால் போகும் தம்பி. அது மோதுவது நெற்றியாலும் கொம்பின் அடிக்கட்டாலும். நுனியைச் சீவி என்ன பிரயோஜனம்? குத்துகிறது காளைதான்.

ஐயா சொன்ன பாட்டைப் படித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஒத்துக்கொள்கிறேன், அந்தக் காலத்தில் அப்படி இருந்திருக்கிறது. எங்கள் தாத்தா காலத்திலும் சில பேர் கூர் வைத்தார்கள் என்று கேள்வி. ஆனால் இன்றைக்கு மாடு வளர்க்கிறவனுக்கு வேண்டியது, மாடு பிடிபடாமல் வெளியே போக வேண்டும் என்பது. அதற்குக் கால் வேண்டும், திமிலைச் சிலுப்புகிற வேகம் வேண்டும். நீச்சலுக்கு விடுகிறோம், நடக்க வைக்கிறோம், மண் குத்த விடுகிறோம். பருத்திக்கொட்டையும் தவிடும் கொடுக்கிறோம். போன தடவை வாடிவாசலுக்குப் பின்னால் வரிசையில் நின்றபோது கால்நடை டாக்டர் எங்கள் செவலையின் கொம்பு நுனியை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே அனுப்பினார்.

#7 மாட்டு டாக்டர்

அந்த வரிசையில் நின்று பார்க்கிற வேலையை நானும் செய்திருக்கிறேன். உடலைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கொம்பு என்பது முழுக்க நகம் மாதிரி என்று பல பேர் நினைக்கிறார்கள். வெளியே இருக்கிற ஓடு மட்டும்தான் அப்படி. நம் நகமும் முடியும் ஆகியிருக்கிற அதே கெரட்டின். அதைச் சுரண்டினால் மாட்டுக்கு வலிக்காது. உள்ளே நெற்றி எலும்பிலிருந்தே வளர்ந்து வந்த எலும்பு இருக்கிறது. அதில் ரத்த ஓட்டம் உண்டு, உணர்ச்சி உண்டு. வளர்ந்த மாட்டுக்கு நெற்றியில் இருக்கிற காற்றறை அந்த எலும்புக்குள்ளும் நீண்டு போயிருக்கும். கொம்பு முறிந்தால் மூக்கு வழியாகக்கூட ரத்தம் வருவது அதனால்தான்.

நுனியில் ஓடு கெட்டியாக இருக்கும். கொஞ்சம் தேய்த்தால் ஒன்றும் ஆகாது. கூர் இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்று தேய்த்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ரத்தம் துளிர்க்கும். அதற்கப்புறம் மாடு யாரையும் தலைப்பக்கம் சேர்க்காது. நான் வைத்தியம் பார்த்த ஒரு மாட்டுக்கு அப்படி ஆகியிருந்தது. வளர்த்தவரே கிட்டே போக முடியாமல் அடுத்த வீட்டுப் பாட்டி போய்த்தான் தண்ணீர் காட்டினார்.

#8 கொடிக்கால்

டாக்டர் எழுதியதைப் படித்துவிட்டு என் தம்பியை நினைத்துக்கொண்டேன். இப்போது அவன் என் போனை எடுப்பதில்லை.

கொம்பு சீவுவது, சிண்டு முடிவது, கோள் சொல்வது, வத்தி வைப்பது எல்லாம் ஒன்றுதானா? பெரியப்பா கோபத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்து எறிந்தாரா, இல்லை பொருத்தமான சொல்லைத் தேர்ந்துதான் சொன்னாரா?

#9 மேலமாசி வீதி

ஒன்று இல்லை. கூட்டுக் குடும்பத்தில் பதினோரு வருஷம் இருந்தவள் சொல்கிறேன், எல்லாமே வேறு வேறு.

சிண்டு முடிவது இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து செய்கிற வேலை. பக்கத்தில் பக்கத்தில் அசந்து தூங்குகிற இரண்டு பேரின் குடுமியைச் சேர்த்து முடிந்துவிட்டால் எழுந்திருக்கும்போது ஒருவரை ஒருவர் இழுப்பார்கள் அல்லவா, அது. இங்கே ஒரு பேச்சு, அங்கே ஒரு பேச்சு. கோள் என்றால் இங்கே நடந்ததை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது. வத்தி வைத்துவிட்டுப் போனால் வெடிக்கும்போது வைத்தவர் அங்கே இருக்க மாட்டார்.

கொம்பு சீவுவது ஒரே ஆளிடம்தான். அந்த ஆள் நமக்கு வேண்டியவராக இருப்பார். வேண்டாதவருக்குப் போய் யாரும் கொம்பு சீவுவதில்லை. அதனால்தான் இது உறவுக்குள் இவ்வளவு சுடுகிறது. என் நாத்தனார் அவள் தம்பிக்குச் சீவி விட்டதும் பாசத்தில்தான். பிடிவாதமாகச் சொல்வேன், பாசத்தில்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்தபோது தமுக்கத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நானும் உட்கார்ந்திருந்தேன். அப்போது சொந்தக்காரர் ஒருவர் எங்கள் வீட்டில் வந்து, "யாரோ இந்தப் புள்ளைகளைக் கொம்பு சீவி விடுறாங்க" என்றார். எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் போகவில்லை. சுப்ரீம் கோர்ட் 2014இல் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டதிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கள் அப்பா முகத்தைப் பார்த்தவள் நான். எனக்குத் தெரிந்து, நானே முடிவு செய்து போனேன். இந்தச் சொல்லைச் சொன்னவுடன் எதிரே இருப்பவருக்குச் சொந்தப் புத்தியே இல்லாமல் போய்விடுகிறது. கொடிக்கால் அண்ணே, உங்கள் பெரியப்பா உங்களை மட்டும் திட்டவில்லை. உங்கள் தம்பியையும் மாடு என்று சொல்லியிருக்கிறார்.

#10 நான்மாடக்கூடல்

மேலமாசி வீதி அம்மா சொன்னதற்கு மேல் ஒரு படி போகலாம். நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். சிலம்பில் பொற்கொல்லன் பாண்டியனிடம் போய்க் கோவலனைக் கள்வன் என்றான். வகுப்பில் பிள்ளைகள் "அவன் ராஜாவுக்குக் கொம்பு சீவி விட்டான் ஐயா" என்பார்கள். நான் திருத்துவேன். பொற்கொல்லன் சொன்னது பொய். திருடியவனே அவன்தான். இல்லாத ஒன்றை உண்டாக்கிச் சொன்னான். அது வஞ்சகம்.

மந்தரையைப் பாருங்கள். ராமனுக்கு நாளை முடிசூட்டு என்று கைகேயியிடம் அவள் சொன்னது உண்மை. கைகேயிக்கு இரண்டு வரம் பாக்கி இருந்ததும் உண்மை. அவள் புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. இருந்ததற்குக் கூர் வைத்தாள். அதுதான் கொம்பு சீவுவது.

கொம்பு மாட்டினுடையது. சீவுகிறவர் கொம்பை ஒட்டவைக்க முடியாது. கழுதைக்கு யாரும் கொம்பு சீவ முடியாது அல்லவா? ஆகவே "கொம்பு சீவி விட்டான்" என்று ஒருவர் சொல்லும்போது, எதிராளிக்குக் கொம்பு இருக்கிறது, அதாவது நியாயமான ஒரு குறை இருக்கிறது என்பதையும் சேர்த்தே ஒத்துக்கொள்கிறார். தம்பி, உங்கள் பெரியப்பா அறிந்தோ அறியாமலோ அதை நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார்.

#11 மேலூர் குமாஸ்தா

வக்கீல் ஆபீஸில் இருபது வருஷமாக எழுதுகிறவன். சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 107ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 45ஆவது பிரிவு. தூண்டுவது, கூட்டுச் சதியில் சேருவது, தெரிந்தே உதவுவது என்று மூன்று வகை சொல்லியிருக்கிறது. உன் உரிமையைக் கேள் என்று சொல்வது இதில் வராது. பூட்டை உடை என்று சொன்னால் வரும். நீங்கள் உடைக்கச் சொன்னீர்களா?

கிணற்றுப் பங்கு விஷயத்தில் முதலில் பத்திரத்தைப் பாருங்கள். பாகப் பத்திரத்தில் கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு என்று எழுதியிருந்தால் வேலை பாதி முடிந்தது. வாய்மொழி ஏற்பாடு என்றால் ஊர்ப் பெரியவர்களை வைத்து முறையை எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

#12 கொடிக்கால்

உடைக்கச் சொல்லவில்லை. ஆனால் "நீ ஆம்பளைதானடா" என்று ஒரு வார்த்தை சொன்னேன். முதல் பதிவில் அதை எழுதாமல் விட்டுவிட்டேன். பங்கைக் கேள் என்று சொன்னது ஒரு தடவை போதும். மற்ற இரண்டு மூன்று போனும் எதற்கு என்று இப்போது யோசித்தால், அவன் அழுததைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரத்தை அவன் தலையில் ஏற்றியிருக்கிறேன். பெரியப்பாவிடம் எனக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் எட்டிப் பார்க்கவில்லை. அதை நான் யாரிடமும் கேட்டதே இல்லை.

#13 பாலமேட்டான்

தம்பி, மனசு விட்டு எழுதியிருக்கிறாய். நான் ஒன்று சொல்கிறேன், கேள்.

அவனியாபுரத்தில் தை 1, எங்கள் ஊரில் தை 2, அலங்காநல்லூரில் தை 3. மூன்று நாளும் டிவியில் பார்க்கிறவர்களுக்கு மாடு வாடிவாசலில் இருந்து வருகிறதுதான் தெரியும். அந்தக் கடைசியில் என்ன நடக்கிறது என்று யாரும் காட்டுவதில்லை. மாட்டுக்காரன் கயிற்றை அறுத்து உள்ளே விட்டவுடன் சுற்றி ஓடுவான். மாடு வெளியேறி வந்து சேருகிற இடத்தில் கையில் கயிற்றோடு நிற்க வேண்டும். மாடு மிரண்டு வரும், யாரையும் அடையாளம் தெரியாது. நாம் குரல் கொடுக்க வேண்டும். எங்கள் செவலைக்கு "வா சாமி, வா சாமி" என்று என் மனைவி கூப்பிட்டால்தான் நிற்கும். அந்தக் குரலுக்காகவே அவளும் வருவாள். ஒரு வருஷம் கூட்டத்தில் நாங்கள் போய்ச் சேருவதற்குள் மாடு தாண்டிப் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து ஒரு கண்மாய்க் கரையில் கண்டுபிடித்தோம். முன்னங்காலில் முள் கம்பி கிழித்து ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் கத்தியது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

சீவி விட்டதற்காக உன்னை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பக்கம் போய்க் கயிற்றோடு நின்றாயா என்றுதான் கேட்கிறேன்.

#14 மேலமாசி வீதி

அண்ணே, இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றுமில்லை. கண் கலங்கிவிட்டது.

#15 நான்மாடக்கூடல்

பாலமேட்டாரே, நாற்பது வருஷமாக அந்தக் கலித்தொகைப் பாட்டை நடத்தியிருக்கிறேன். கொம்பையும் மழுவையும் விளக்கியிருக்கிறேன், மாட்டைத் திரும்பக் கூட்டிவருகிறவரைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை.

#16 கொடிக்கால்

பதினெட்டு நாள் கழித்து வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். முதலில் தம்பி வீட்டுக்கு. சித்திதான் கதவைத் திறந்தார். அவன் கொல்லையில் இருந்தான், என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். "உன்னைப் போகச் சொல்லிட்டு நான் வராம இருந்தது தப்புடா" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அரை மணி நேரம் அவனோடு சேர்ந்து வெற்றிலைக் கொடிக்கு அகத்தியில் கட்டுப் போட்டேன். சின்ன வயதில் அப்பாவும் சித்தப்பாவும் இப்படித்தான் ஒரு வார்த்தை பேசாமல் கட்டுவார்கள். அப்புறம் அவனாகவே, "பூட்டு எவ்வளவு ஆகும்ணே?" என்றான்.

புதுப் பூட்டு ஒன்று வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் பெரியப்பா வீட்டுக்குப் போனோம். மூன்று சாவி போடச் சொல்லி வாங்கினேன். பெரியப்பா திண்ணையில் இருந்தார். முழங்கையில் இன்னும் கட்டு. பூட்டையும் மூன்று சாவியையும் பக்கத்தில் வைத்தேன். குமாஸ்தா அண்ணன் சொன்னபடி பத்திரத்தை எடுத்துப் பார்த்ததையும், மூன்றில் ஒரு பங்கு என்று அதில் தெளிவாக எழுதியிருப்பதையும் சொன்னேன். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்ததைப் பற்றியும் கேட்டுவிட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. ரொம்ப நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியம்மா காபி கொண்டுவந்து வைத்தார். தம்பி எடுக்கவில்லை. பெரியப்பா அவனைப் பார்த்து, "எடுத்துக் குடிடா, ஆறிப் போகுது" என்றார்.

மூன்று சாவியில் ஒன்றை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். மற்ற இரண்டையும் தொடவில்லை. கிளம்பும்போது எடுத்துக்கொண்டு வந்தோம். முறை எழுதுவதைப் பற்றி மாசி கழியட்டும் என்றிருக்கிறார்.

#17 பாலமேட்டான்

மாசி கழிந்ததும் எழுதுகிற அன்றைக்கு நீயும் போய் நில்லு தம்பி. சோழவந்தான் எனக்கு ரொம்பத் தூரம் இல்லை. ஒரு ஆள் வேண்டும் என்றால் சொல்லு, வருகிறேன்.